சம்பந்திக்கு ஜாஸ் பிடிக்கும்

பெண்ணைப் பெற்றவன் எதையெல்லாமோ கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மண்டபத்துக்காரரிடம் குனிந்து பேச வேண்டும். நகைக்கடைக்காரரிடம் நிமிர்ந்து பேச வேண்டும். சமையல் காண்டிராக்டரிடம் பேசவே கூடாது. அவர் சொல்கிற தொகைக்குத் தலையாட்டினால் போதும். இந்தப் பாடத்திட்டத்தில் ஜாஸும் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் சம்பந்தி கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்து ரிடையரானவர். பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் என்ற ரெஸ்டாரண்டில் உஷா உதுப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஊரில் வாலிபராக இருந்திருக்கிறார். சம்பளத்தில் வாடகை போக மீதியை இசைத்தட்டுக் கடையில் கொடுத்தவர். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டு மாற்றி முடிந்து, எல்லோரும் பாதாம் அல்வாவில் கவனமாக இருந்த நேரத்தில் என் பக்கம் திரும்பினார்.

"சார், ஜாஸ் கேட்பீங்களா?"

பெண் வீட்டுக்காரன் "இல்லை" என்று சொல்லக்கூடிய கேள்விகள் உலகத்தில் பல உண்டு. நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி கேட்கிற கேள்வி அவற்றில் சேராது.

"கேட்காம இருப்பேனா?" என்றேன்.

"யாரை ரொம்பப் பிடிக்கும்?"

"எல்லாரையும்."

"எல்லாரையுமா? ஃப்ரீ ஜாஸ்கூடவா?"

"ஃப்ரீயா கிடைச்சா யாருக்குத்தான் பிடிக்காது?"

அவர் அதைப் பெரிய ஜோக்காக எடுத்துக்கொண்டு என் முதுகில் தட்டினார். "ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. ரெண்டு பேருமா உட்கார்ந்து கேட்போம்" என்றார். என் மனைவி அல்வாக் கிண்ணத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அத்துபடி: 'இதிலிருந்து எப்படித் தப்பிக்கப் போறீங்கன்னு பார்க்கிறேன்.'

அதுவரை என் சங்கீத ஞானம் எளிமையானது. டிசம்பரில் சபாவுக்குப் போவேன்; கேன்டீனுக்குப் பக்கத்து வாசல் வழியாக. சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத். கிதார் என்றால் இளையராஜா. இவை தவிர்த்த மற்ற எல்லாமே, ஜாஸ், ராக், பாப் என்ற பேதமில்லாமல், 'இங்கிலீஷ் பாட்டு' என்ற ஒரே மூட்டையில் கட்டிப் பரண்மேல் போடப்பட்டிருந்தது.

ஃப்ரீ ஜாஸ் என்று வாயை விட்டுவிட்டேன். அங்கிருந்தே தொடங்குவதுதான் நியாயம் என்று பட்டது. போனில் தேடினேன். ஆர்னெட் கோல்மன் என்பவர் அதே பெயரில் 1961-ல் வெளியிட்ட இசைத்தட்டே வந்து நின்றது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். அடுத்த நிமிஷம் திறந்துவிட்டேன்.

அந்த இசைத்தட்டில் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் வாசிக்கின்றன. குழுவுக்கு நாலு பேர்: ஊதுகிறவர் இருவர், பேஸ் ஒருவர், டிரம்ஸ் ஒருவர். ஒரு குழு இடது காதில், மறு குழு வலது காதில். முன்கூட்டி எழுதி வைத்தது கொஞ்சம். மற்றதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றியது. மொத்தம் 37 நிமிஷம். கல்யாண ஜவுளி எடுக்கிற நாளில் ஒரு காதில் மனைவியும் ஒரு காதில் மகளும் பட்டின் நிறத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும்போது என் தலைக்குள் என்ன நடக்குமோ, அது அப்படியே பதிவாகியிருந்தது. ஒரு பக்கத்து ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். நாலு பேர் குறைந்தார்கள். நிம்மதி குறைந்தபட்ச அளவுக்குத் திரும்பியது.

என் முகத்தைப் பார்த்த மனைவி, "என்னங்க, பல்வலியா?" என்றாள்.

மகள்தான் காப்பாற்றினாள். "அப்பா, நீ எல்.கே.ஜி.யில சேர்ந்த அன்னிக்கே எம்.ஏ. பரீட்சை எழுதறே. முதல்ல மைல்ஸ் டேவிஸ் கேளு. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. அதுல முதல் பாட்டை மட்டும். ஒரு தடவை பேஸை மட்டும் கவனி. அடுத்த தடவை டிரம்ஸை மட்டும். அதுக்கப்புறம் டிரம்பெட்டுக்கு வா. எல்லாத்தையும் ஒண்ணா பிடிக்கப் பார்க்காதே."

நான் பெற்ற பெண் எனக்குப் புத்தி சொல்கிறாளே என்ற வருத்தம் இருந்தாலும், சொன்னது சரியாக இருந்ததுதான் அதைவிடப் பெரிய வருத்தம்.

அந்த இசைத்தட்டின் ஜாதகத்தையும் அவளே சொன்னாள். நியூயார்க்கில் முப்பதாவது தெருவில் ஒரு பழைய தேவாலயத்தை கொலம்பியா கம்பெனி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தது. 1959-ல், மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் அங்கே பதிவு முடிந்துவிட்டது. டேவிஸ் வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தது சிறு குறிப்புகள் மட்டும். ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவன்ஸ் என்று வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தனிக் கச்சேரிக்குத் தகுந்த வித்வான்கள். ஆகவே குறிப்பு போதுமாக இருந்தது.

முதல் பாட்டின் பெயர் 'ஸோ வாட்'. கனத்த பேஸ் ஒரு வரி கேட்கிறது. மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்கிறார்கள். இந்த முறை ஹெட்போன் இல்லை. கூடத்தில் ஸ்பீக்கரிலேயே போட்டேன். சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கத்திச் சத்தம் நின்றது.

"கரகரப்ரியா மாதிரி இருக்கே" என்றாள்.

இவள் சின்ன வயதில் ஏழு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஞானத்தை என் குறட்டையின் சுருதியைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறாள். மகள் போனில் பார்த்துத் தலையாட்டினாள். மேற்கத்திய சங்கீதத்தில் டோரியன் என்று சொல்கிறார்கள். அதன் ஏழு ஸ்வரங்களும் கரகரப்ரியாவின் ஏழு ஸ்வரங்களும் ஒன்றேதான்.

"ஸ்வரம்தான் அது. ராகம்னு சொல்ல மாட்டேன். கமகம் எங்கே?" என்று தீர்ப்பைத் திருத்தினாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "அட, அரை ஸ்வரம் மேலே ஏத்திட்டாரே!" என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில், "இறங்கிட்டார்" என்றாள்.

அந்தப் பாட்டின் மொத்தக் கட்டுமானமும் அவ்வளவுதான். நாலு எண்ணிக்கை கொண்ட 32 கட்டங்கள் ஒரு சுற்று. முதல் 16 கட்டங்கள் ஒரு இடத்தில், அடுத்த 8 அரை ஸ்வரம் மேலே, கடைசி 8 பழைய இடத்தில். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசித்துக் காட்டுகிறார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்தச் சுற்றின்மேல் தங்கள் கற்பனையை ஓட்டுகிறார்கள். கடைசியில் எல்லோரும் மெட்டுக்கே திரும்புகிறார்கள். நான் விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்: ஒரு சுற்றுக்கு 128 எண்ணிக்கை, ஆதி தாளத்தில் சரியாகப் பதினாறு ஆவர்த்தனம். பல்லவியை எடுத்து, நிரவல் செய்து, ஸ்வரம் பாடி, மறுபடி பல்லவியில் வந்து நிற்கிற ஆட்கள்தான் இவர்களும். கோட்டு சூட்டு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

தைரியம் வந்தால் நான் தாளம் போடுவேன். அங்கேதான் அடுத்த சங்கடம்.

நாலு எண்ணுகிற தாளத்தில் நம் கை எங்கே விழும்? ஒன்றில். ஆறு வயதிலிருந்து என் வலது தொடை ஒன்றில்தான் அடி வாங்கியிருக்கிறது. ஜாஸிலோ டிரம்ஸ்காரர் காலால் மிதிக்கிற ஜோடி சிம்பல் இரண்டிலும் நாலிலும் 'சிக்' என்று மூடிக்கொள்கிறது. ராக்கில் அதே இரண்டிலும் நாலிலும் ஸ்னேர் டிரம் வெடிக்கிறது. கேட்பவர்கள் கைதட்டினாலும் அங்கேதான் தட்ட வேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறவனை அந்த உலகத்தில் வெளியூர்க்காரனாகப் பார்க்கிறார்கள். ஹாரி கானிக் ஜூனியர் என்ற பியானோக்காரர் ஒரு மேடையில், கூட்டம் முழுவதும் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவதைக் கேட்டிருக்கிறார். யாரையும் திட்டவில்லை. வாசித்துக்கொண்டே நடுவில் ஒரே ஒரு எண்ணிக்கையைக் கூடுதலாகச் சொருகினார். கூட்டத்தின் கைதட்டல் தானாக இரண்டுக்கும் நாலுக்கும் நகர்ந்துவிட்டது. கூட்டத்துக்கு எதுவும் தெரியாது.

என்னை அப்படி நைசாகத் திருத்த யாரும் இல்லாததால் நானே பயிற்சியில் இறங்கினேன். காலையில் நடக்கும்போது, பால் வாங்க நிற்கும்போது, ரேஷன் கடை வரிசையில் என்று எங்கும் இரண்டிலும் நாலிலும் தட்டினேன். மெல்ல மெல்ல கைக்குப் பழகிவிட்டது. கை இதை எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் சனிக்கிழமை பஜனைக்கும் எடுத்துக்கொண்டு போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பஜனையில் நான் முன்வரிசை. நாமாவளி சூடு பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு தட்ட ஆரம்பித்தேன், இரண்டில், நாலில். பக்கத்திலிருந்த மாமி ஒரு கணம் தயங்கி என்னோடு சேர்ந்துகொண்டாள். பின்வரிசை பாகவதரை நம்பிப் பழைய இடத்திலேயே தட்டியது. எங்கள் கட்சியில் பத்துப் பேர், அவர்கள் கட்சியில் இருபது பேர். டோலக்குக்காரப் பையன் இரண்டு கட்சிக்கும் நடுவில் அகப்பட்டு வாசிப்பதையே நிறுத்திவிட்டான். ஆர்மோனியம் தனியாகக் கொஞ்ச தூரம் போய், துணைக்கு யாரும் வராததால் அதுவும் நின்றது. பாகவதர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சுண்டல் விநியோகம் பின்வரிசையிலிருந்து தொடங்கியது. என்னிடம் வந்தபோது பாத்திரத்தில் தேங்காய்த் துருவல்தான் இருந்தது.

இதற்கிடையில் மாப்பிள்ளைக்கு விஷயம் எட்டிவிட்டது. அவர் ராக் கட்சி. "மாமா, அப்பா சொல்றார்னு ஜாஸோட நிறுத்திடாதீங்க" என்று ஒரு பட்டியல் அனுப்பினார். மாப்பிள்ளை அனுப்பியதை நிராகரிக்கும் உரிமை இந்திய மாமனாருக்கு இல்லை. ராக்குக்கு வழி எளிது என்றார் அவர்: "முதல்ல ரிஃப்பைப் பிடிச்சுக்கோங்க." கிதாரில் திரும்பத் திரும்ப வருகிற சின்னத் துணுக்குதான் ரிஃப். பாட்டு எங்கே சுற்றினாலும் அதைப் பிடித்துக்கொண்டால் தொலைந்துபோக மாட்டோம்.

டீப் பர்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' எனக்கு உடனே பிடித்துவிட்டது. காதல், ஏக்கம், நிலா எதுவும் கிடையாது. 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தில் மாண்ட்ரூ என்ற ஊரின் சூதாட்ட விடுதியில் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது யாரோ தீப்பொறித் துப்பாக்கியால் சுட்டதில் கட்டடம் எரிந்துபோனது. அங்கேயே ஒலிப்பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்பிள்காரர்கள், ஏரியின்மேல் புகை படர்ந்ததைப் பார்த்துவிட்டு, நடந்ததை நடந்தபடி பாட்டாக எழுதிவிட்டார்கள். அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டிய எனக்கு, விபத்து அறிக்கையை மெட்டில் கேட்பது பரம சுகம். ஹெட்போனோடு அந்த ரிஃப்பை நான் வாயால் வாசித்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று முழுசாகக் கேட்ட இஸ்திரிக்காரர், "சார், உடம்பு சரியில்லீன்னா அம்மாகிட்டயே குடுத்துட்டுப் போறேன்" என்று துணி மூட்டையோடு பின்பக்கம் போய்விட்டார்.

பட்டியலில் இன்னொருவர் பிளாக் சாபத் குழுவின் டோனி ஐயோமி. பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன். பதினேழு வயதில், வேலையை விடவிருந்த கடைசி நாளில், எந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடக்கைக்காரரான அவர் கிதார் தந்தியை அழுத்துவது வலது கையால்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி போட்டார். பின்னால் சுருதியையும் இறக்கிக் கட்டினார். ஹெவி மெட்டல் என்ற வகையின் அந்த இருண்ட, கனமான சத்தம் அப்படி உருவானதுதான். அவரைக்காய் ஆய்ந்து கொடுத்தபோது நகக்கண்ணில் நார் ஏறியதற்காக ஒரு வாரம் சமையலறைப் பக்கம் போகாமல் இருந்தவன் நான். இந்தக் கதையை மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பாப் சங்கீதத்தை மட்டும் தொட வேண்டாம் என்றிருந்தேன். கொஞ்சம் கரகரப்ரியா பிடிபட்டுவிட்டால் நமக்கு வருகிற கர்வம் அது. மகள் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தட்டைப் போட்டாள். 1982-ல் வந்தது. அதன் தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸ் யார்? லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் டிரம்பெட் வாசித்து வளர்ந்தவர். அதில் 'பீட் இட்' பாட்டுக்குக் கிதார் சோலோ வாசித்தது யார்? ராக் உலகத்து எடி வான் ஹேலன். நான் கஷ்டப்பட்டு மூன்று மூட்டையாகப் பிரித்துக் கட்டியதை இவர்கள் ஏற்கெனவே அவிழ்த்துக் கலந்துவிட்டிருந்தார்கள். பாப் பாட்டு மூன்று நிமிஷத்தில் முடிகிற பழக்கத்துக்கும் காரணம் உண்டு: 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் அடங்கும். அந்த மூன்று நிமிஷத்துக்குள் ஆளை இழுத்துப் பிடிக்கத் தெரிய வேண்டும். ஆலாபனையில் தூங்கி எழுந்து பழகிய எனக்கு அந்தச் சிக்கனம் புதுசு.

ஒருவழியாக அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் சுவர் முழுக்க இசைத்தட்டுகள். நான் ஆயுதத்தோடு போயிருந்தேன். டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஒலித்ததும், "இது அஞ்சு எண்ணிக்கை. நம்ம கண்ட சாபுவைத் திருப்பிப் போட்டது. நாம தக தகிடன்னு போவோம், இவங்க தகிட தகன்னு போறாங்க" என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாட்டை எழுதினது சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட். ப்ரூபெக் 1958-ல அமெரிக்க சர்க்கார் அனுப்பின சுற்றுப்பயணத்துல நம்ம மெட்ராசுக்கே வந்திருக்கார்" என்றேன், மீனம்பாக்கத்தில் மாலையோடு நின்று நானே வரவேற்றவன் மாதிரி. சம்பந்தி அம்மாள் எனக்கு இன்னொரு தட்டு பஜ்ஜி கொண்டுவந்து வைத்தார்.

சரி, அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை 'பிங்க் ஃப்ளாய்ட்' குழுவின் 'மணி' பாட்டைப் போட்டார். 1973-ல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தட்டில் இருப்பது. கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம், சில்லறைச் சத்தம் எல்லாம் ஏழு எண்ணிக்கையில் தாளமாக வருகிறது. சம்பந்தி கால் தட்டிப் பார்த்துத் தடுமாறினார். "மிஸ்ர சாபு!" என்று கூவி, சபையின் நடுவில் கம்பீரமாகத் தொடையில் தட்டத் தொடங்கினேன். பாடல் போயிற்று, சாக்ஸபோன் போயிற்று, என் தாளம் ஒரு இம்மி பிசகவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கிதார் சோலோ வந்தது. அந்த இடத்தில் பாட்டு ஏழிலிருந்து நாலுக்கு மாறிவிடுகிறது என்பதை எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. என் கை ஏழிலேயே போய்க்கொண்டிருந்தது. டிரம்ஸ் ஒரு ஊருக்கும் நான் ஒரு ஊருக்கும் டிக்கெட் எடுத்திருந்தோம். கடைசியில், தொடையில் கொசு உட்கார்ந்தது போல ஓங்கி ஒரு அடி அடித்துக் கையைத் துடைத்துக்கொண்டேன். "உங்க ஏரியாவிலே கொசு ஜாஸ்திதான்" என்றேன். மனைவி ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். இருந்தது ஒரே மரம்.

சம்பந்தி பெரிய மனிதர். எதையும் பார்க்காதவர் போல அடுத்த தட்டை எடுத்து வைத்தார். பியானோக்காரர் பில் எவன்ஸ், பேஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷியன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற சின்ன நிலவறைக் கிளப்பில் பதிவானது. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சபா வாசனை. வாசிப்புக்குப் பின்னால் ஜனங்கள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், கண்ணாடி டம்ளர் உரசுகிறது. பேஸ் தனியாக வாசிக்கத் தொடங்கியதும், தனி ஆவர்த்தனத்தில் எழுந்து பழகிய என் கால்கள் தாமாகவே எழுந்தன. "காபி கீபி ஏதாவது..." என்று ஆரம்பித்தேன். சம்பந்தி ஒற்றை விரலைத் தூக்கினார். உட்கார்ந்தேன்.

வாசித்து முடிந்த பிறகுதான் சொன்னார். லஃபாரோவுக்கு அப்போது 25 வயது. பேஸ் என்பது பின்னால் நின்று தாளத்துக்குத் துணை போகிற வாத்தியம் என்று இருந்ததைப் பியானோவோடு சரிக்குச் சரி பேச வைத்தவர். இந்தப் பதிவு நடந்து இரண்டு வாரம் முடிவதற்குள், ஜூலை 6-ம் தேதி, கார் விபத்தில் இறந்துவிட்டார். அந்த மூவரும் சேர்ந்து வாசித்த கடைசிப் பதிவு இதுதான்.

ஆகவே, என்னைப் போல் காலம் கடந்து ஜாஸ், ராக், பாப் என்று இறங்க விரும்பும் குடும்பஸ்தர்களுக்கு அனுபவஸ்தன் சொல்கிறேன். ஃப்ரீ ஜாஸைக் கடைசிக்கு வையுங்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒரே வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு. சபாவும் சினிமாவும் பழக்கிய காது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. புத்தகம் படித்துத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. தட்டுவதானால் இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள், பஜனை மடத்தைத் தவிர. எந்தச் சங்கீதமானாலும், எந்த ஊரானாலும், வித்வான் தனியாக வாசிக்கும்போது மட்டும் தயவுசெய்து எழுந்து போகாதீர்கள், பேசாதீர்கள். காபி எங்கேயும் போய்விடாது.